ஐந்தில் நின்றுபோன பட்டியல்

2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொதுக்குழு, கோள் என்றால் என்ன என்பதை வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்தது. ஏறத்தாழ பத்தாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட அந்த அமைப்பில் அன்று வாக்களித்தவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். அந்த முடிவால் புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து விலக்கப்பட்டது. உலகெங்கும் பள்ளிப் பாடநூல்களில் ஒன்பது எட்டானது. 2026 ஆகஸ்டுடன் அந்த முடிவுக்கு 20 ஆண்டுகள் நிறைவு பெறுகின்றன.

புளூட்டோ தகுதி இழந்தது குறித்து அன்றுமுதல் இன்றுவரை ஏராளமாகப் பேசப்பட்டுவிட்டது. அதே நாளில் தொடங்கப்பட்ட இன்னொரு பட்டியலைக் குறித்து அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அது 'குறுங்கோள்' பட்டியல். சீரிஸ், புளூட்டோ, ஏரிஸ் ஆகிய மூன்றுடன் அது தொடங்கியது. 2008 ஜூலையில் மேக்மேக்கும், செப்டம்பரில் ஹௌமியாவும் சேர்ந்தன. அத்துடன் சரி. அதன்பின் ஒரு பெயர்கூட அதிகாரபூர்வமாக அதில் சேர்க்கப்படவில்லை.

இதற்குக் காரணம், சேர்ப்பதற்கு எதுவும் இல்லை என்பதன்று. நெப்டியூனுக்கு அப்பால் பனியும் பாறையுமாகச் சூரியனைச் சுற்றிவரும் குவாவர், செட்னா, ஓர்க்கஸ், கொங்கொங் ஆகியவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் கிலோ மீட்டர் குறுக்களவு கொண்டவை. நான்குமே 2002-க்கும் 2007-க்கும் இடையே கண்டறியப்பட்டவை. இவற்றுள் செட்னா தவிர மற்ற மூன்றுக்கும் துணைக்கோள்கள் உண்டு. குவாவரைச் சுற்றி வளையம் இருப்பது 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் இவை இன்னும் 'வேட்பாளர்'களாகவே காத்திருக்கின்றன.

ஒரு பட்டியல் ஏன் நின்றுபோகிறது என்னும் கேள்வி வானியலாளர்களுக்கு மட்டும் உரியதன்று. எந்த ஒன்றையும் எண்ணி, வகைப்படுத்தி, அதன் அடிப்படையில் பொதுப் பணத்தைச் செலவிடும் எல்லாத் துறைகளுக்கும் இது பொருந்தும்.

பிராக்கில் வகுக்கப்பட்ட வரையறை மூன்று நிபந்தனைகளைக் கொண்டது. பொருள் சூரியனைச் சுற்றிவர வேண்டும். தன் ஈர்ப்பு விசையாலேயே உருண்டை வடிவத்தை அடைந்திருக்க வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தைப் பிற பொருள்களிலிருந்து துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றும் நிறைவேறினால் அது கோள். முதலிரண்டு மட்டும் நிறைவேறி, வேறொரு கோளின் துணைக்கோளாகவும் இல்லையெனில் அது குறுங்கோள்.

படிப்பதற்கு எளிமையான இந்த வரையறையில் இரண்டாவது நிபந்தனைதான் சிக்கலின் வேர். பல நூறு கோடி கிலோ மீட்டர் தொலைவில் ஓர் ஒளிப்புள்ளியாக மட்டுமே தெரியும் பொருள் உருண்டையா என்பதை எப்படி அறிவது? இந்த இடர்ப்பாட்டை உணர்ந்தே, பெயர் சூட்டும் தேவைக்காக ஒன்றியம் ஒரு குறுக்குவழியை வகுத்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இயல்பொளி கொண்ட பொருள்கள் குறுங்கோள்களாகவே இருக்கும் என்று கொண்டு பெயர் சூட்டலாம் என்பதே அது. மேக்மேக்கும் ஹௌமியாவும் அந்த வாயில் வழியாக உள்ளே வந்தவை.

விளைவு விசித்திரமானது. நான்கு மணி நேரத்துக்குள் ஒருமுறை தன்னைத்தானே சுற்றும் ஹௌமியா, முட்டையைப்போல் நீண்ட வடிவம் கொண்டது. 2017-இல் அது ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது கிடைத்த அளவீடுகள், வரையறை கோரும் சமநிலை வடிவத்தில் அது உண்மையிலேயே இருக்கிறதா என்ற ஐயத்தை எழுப்பின. ஐயத்துக்குரிய ஒன்று பட்டியலுக்கு உள்ளே இருக்கிறது. அந்த ஒளி எல்லையை எட்டாத காரணத்தால் கொங்கொங் போன்ற பெரிய உலகம் வெளியே நிற்கிறது.

பொருளியல் பயின்றோருக்கு இக்காட்சி புதிதன்று. இந்தியாவில் 2011-12-ஆம் ஆண்டுக்கான வறுமையைக் கணக்கிட்டபோது, டெண்டுல்கர் குழுவின் முறைப்படி மக்களில் 21.9 விழுக்காட்டினர் வறியோர். ரங்கராஜன் குழுவின் முறைப்படி 29.5 விழுக்காட்டினர். ஒரே நாடு, ஒரே ஆண்டு. கோடு சற்று இடம் மாறியதும் 9 கோடிக்கும் மேற்பட்டோர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சென்றுவிட்டனர். யாருடைய அடுப்பிலும் அதனால் ஒரு பிடி அரிசி கூடவோ குறையவோ இல்லை. கோடு நம் வசதிக்காக வரையப்படுவது. கோட்டையே உண்மையென்று எடுத்துக்கொள்ளும்போதுதான் இடர் தொடங்குகிறது.

வானியலில் இந்தக் கோடு எத்தனை வழுக்கலானது என்பதற்குச் சனிக்கோளின் மைமாஸும் நெப்டியூனின் புரோட்டியஸும் சான்றுகள். மைமாஸ் ஏறத்தாழ 400 கிலோ மீட்டர் குறுக்களவு கொண்ட பனிக்கோளம். அது உருண்டையாக இருக்கிறது. புரோட்டியஸ் அதைவிடச் சற்றுப் பெரியது. அதுவோ ஒழுங்கற்ற வடிவம் கொண்டது. உருண்டையாவதற்குப் பருமன் மட்டும் போதாது. உள்ளே எவ்வளவு பாறை, எவ்வளவு பனி, முன்பு எவ்வளவு வெப்பம் இருந்தது, எப்போது உறைந்தது என்னும் வரலாறும் சேர்ந்தே வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு காலத்தில், 400 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட பனிப் பொருள்கள் அனைத்தும் குறுங்கோள்களாகவே இருக்கும் என்று நம்பப்பட்டது. அக்கணக்குப்படி வேட்பாளர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டும். ஆனால், 400 முதல் 1,000 கிலோ மீட்டர் வரையிலான சில பொருள்களின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே என 2019-இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. பாறையும் பனியும் இறுகிக் கலந்த பொருளுக்கு அது மிகக் குறைவு. எனவே, அவற்றின் உட்புறம் இன்னும் இறுகாமல் துளைகள் நிறைந்ததாக இருக்கலாம். அதாவது அவை உலகங்களாக முதிரவே இல்லாதிருக்கலாம். அவ்வாறெனில் உறுதியான குறுங்கோள்கள் ஏறத்தாழ பத்து மட்டுமே. நூறா, பத்தா என்பது எந்த அளவுகோலை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அளவிடுவதிலும் அடிப்படையான ஓர் இடர் உண்டு. தொலைவிலிருக்கும் பொருள் மங்கலாகத் தெரிந்தால், அது சிறியதாக இருக்கலாம். பெரியதாயினும் கரிய மேற்பரப்பு கொண்டதாகவும் இருக்கலாம். ஒளியை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. 1930-இல் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டறிந்தபோது, அதன் நிறை பூமியின் நிறையோடு ஒப்பிடத்தக்கது என்று எண்ணினார்கள். பின்வந்த ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அது சுருங்கிக்கொண்டே வந்தது. 1978-இல் அதன் துணைக்கோளான கேரன் கண்டறியப்பட்ட பிறகே, புளூட்டோவின் நிறை பூமியின் நிறையில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவே என்பது தெளிவானது.

ஏரிஸின் கதையும் அப்படித்தான். மைக் பிரௌன், சாட் ட்ருஹில்லோ, டேவிட் ரபினோவிட்ஸ் ஆகியோர் 2005 ஜனவரியில் அதைக் கண்டறிந்தபோது புளூட்டோவைவிடப் பெரியது என்றே கருதப்பட்டது. பத்தாவது கோள் என்று செய்தித்தாள்கள் எழுதின. பிராக் வாக்கெடுப்புக்கே அதுதான் உடனடிக் காரணம். 2010 நவம்பரில் ஏரிஸ் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது அதன் குறுக்களவு 2,326 கிலோ மீட்டர் என அளக்கப்பட்டது. 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவை நேரில் கடந்து சென்றபோது கிடைத்த அளவு 2,377 கிலோ மீட்டர். நிறையில் ஏரிஸ் முந்தினாலும் பருமனில் புளூட்டோவே பெரியது. பெரியது என்ற எண்ணத்தால் எழுந்த விவாதம் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே சரியான அளவு கிடைத்தது.

விண்மீன் மறைப்பு என்னும் இந்த உத்திக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு பொருள் விண்மீனுக்குக் குறுக்கே செல்லும் சில நொடிகளை வெவ்வேறு இடங்களிலிருந்து துல்லியமாகக் குறித்தால், நிழலின் நீளத்திலிருந்து பொருளின் வடிவம் கிடைத்துவிடும். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வை உலகின் பல வானாய்வகங்கள் கவனித்தன. நம் காவலூர் வானாய்வகமும் அவற்றுள் ஒன்று. யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டது அப்போதுதான். ஹௌமியா, குவாவர் ஆகியவற்றின் வளையங்களையும் இதே உத்திதான் காட்டிக்கொடுத்தது.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி மற்றொரு சாளரத்தைத் திறந்திருக்கிறது. ஏரிஸ், மேக்மேக் ஆகியவற்றின் மேற்பரப்பில் உறைந்துள்ள மீத்தேனில் இருவகை ஹைட்ரஜன் அணுக்களின் விகிதத்தை அது அளந்தது. அந்த மீத்தேன் சூரியக் குடும்பம் தோன்றிய காலத்தின் எச்சமன்று, அவற்றின் பாறைக் கருவில் ஏற்பட்ட வெப்ப வினைகளின் விளைவு என்று 2024-இல் வெளியான ஆய்வு கருதுகிறது. சூரிய வெப்பம் ஏறக்குறைய எட்டாத இடத்தில், உள்ளிருந்தே வெப்பம் பெற்ற உலகங்கள் இவை. உருண்டையா இல்லையா என்பதைவிட, உள்ளே ஏதேனும் நிகழ்ந்ததா என்பதே பொருளுள்ள கேள்வியாகத் தோன்றுகிறது.

2025 மே மாதம் வேட்பாளர் வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. '2017 ஓஎஃப்201' என்னும் தற்காலிகப் பெயர் கொண்ட அதன் குறுக்களவு ஏறத்தாழ 700 கிலோ மீட்டர் என மதிப்பிடப்படுகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தொலைவை ஓர் அலகாகக் கொண்டால், அது சூரியனை நெருங்கும்போது 44.5 அலகு தொலைவிலும், விலகிச் செல்லும்போது ஏறத்தாழ 1,600 அலகு தொலைவிலும் இருக்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 25 ஆயிரம் ஆண்டுகள். அது கடைசியாகச் சூரியனுக்கு மிக அருகே வந்தது, புளூட்டோ கண்டறியப்பட்ட அதே 1930-இல். அப்போது யாருடைய கண்ணிலும் அது படவில்லை.

இக்கண்டுபிடிப்பில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, இதற்கெனத் தொலைநோக்கி எதுவும் புதிதாகத் திருப்பப்படவில்லை. பிரின்ஸ்டனில் மூன்று ஆய்வாளர்கள், சிலியிலும் ஹவாயிலும் உள்ள தொலைநோக்கிகள் வேறு நோக்கங்களுக்காக எடுத்து, பொதுவில் வைத்திருந்த பழைய படங்களைக் கணினி கொண்டு அலசினார்கள். ஏழு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட 19 படங்களில் அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. பூட்டிவைக்கப்படாத தரவு என்ன தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நல்ல கணினியும் முறையான பயிற்சியும் வாய்த்தால் நம் ஊர்க் கல்லூரி மாணவரும் இத்தகைய படங்களில் தேடலாம்.

இரண்டாவது, எண்ணிக்கை பற்றியது. இப்பொருள் தன் பாதையில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக் காலம் மட்டுமே நம் கருவிகளுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது என்கிறார்கள் கண்டறிந்தவர்கள். அப்படியானால், ஒன்று தென்பட்டது என்பதன் பொருள், தென்படாதவை நூறளவில் இருக்கலாம் என்பதே. தெருவிளக்கின் வெளிச்சத்தில் நிற்பவர்களை மட்டும் எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொல்லிவிட முடியாது. முறைசாராத் தொழிலாளர்களைப் பதிவேடுகளில் தேடிக் களைத்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். 'ஒன்பதாவது கோள்' ஒன்று மறைந்திருப்பதாக 2016-இல் மைக் பிரௌனும் கான்ஸ்டான்டின் பாட்டிகினும் முன்வைத்த கருதுகோளும், தென்பட்ட சில பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாகத் திரண்டிருப்பதை அடிப்படையாகக் கொண்டது. புதிய வேட்பாளரின் பாதை அந்தத் திரளில் சேரவில்லை. கருதுகோள் இதனால் வீழ்ந்துவிட்டது என்று சொல்ல இயலாது. ஆனால், சிறிய மாதிரியிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவும்போது காக்க வேண்டிய எச்சரிக்கையை இது நினைவூட்டுகிறது.

மாதிரி சிறியது என்ற குறை விரைவில் தீரப்போகிறது. சிலியின் செரோ பச்சோன் மலைமீது அமைந்துள்ள வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட அது, தென்வானத்தைப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுக்கவிருக்கிறது. சோதனைக்காக எடுத்த ஏறத்தாழ பத்து மணி நேரப் படங்களிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய சிறுகோள்கள் அகப்பட்டன. நெப்டியூனுக்கு அப்பால் இன்று அறியப்பட்டுள்ளவை சில ஆயிரம். ரூபின் பணி முடியும்போது ஏறத்தாழ 37 ஆயிரம் கிடைக்கும் என்கின்றன கணினி மதிப்பீடுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறியவை. ஆயினும், நெடுந்தொலைவுப் பாதைகளில் உலவும் புதிய வேட்பாளர்களும் அவற்றினிடையே இருப்பார்கள் என எதிர்பார்க்கலாம்.

இந்த வெள்ளம் வருமுன் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, பட்டியலைச் சீர்செய்வது. 2024-இல் கேப்டவுனில் நடந்த ஒன்றியத்தின் பொதுக்குழுவையொட்டி, கோளை வடிவத்தால் அன்றி நிறையால் வரையறுக்க வேண்டும் என்ற முன்மொழிவை வானியலாளர்கள் சிலர் முன்வைத்தனர். அளக்கக்கூடியதைக் கொண்டு வரையறுப்பது என்னும் நெறி வரவேற்கத்தக்கது. குறுங்கோள்களைப் பொறுத்தவரை இன்னும் எளிய வழி ஒன்றுண்டு. 'உள்ளே', 'வெளியே' என்ற இரண்டு பெட்டிகளுக்குப் பதிலாக உறுதிப்பாட்டின் படிநிலைகளை வெளிப்படையாகக் குறிப்பிடலாம். மைக் பிரௌன் தம் சொந்த முயற்சியில் பேணிவரும் பட்டியலில், 'ஏறக்குறைய உறுதி' என்பதில் தொடங்கி 'ஒருவேளை' என்பது வரை பல படிகள் உள்ளன. தனிமனிதர் ஒருவர் செய்வதை ஒன்றியம் செய்ய இயலாதா? அடுத்த பொதுக்குழு 2027-இல் ரோம் நகரில் கூடவிருக்கிறது. சீரிஸ் 1801-இல் கோளாகக் கண்டறியப்பட்டு, பின்னர் சிறுகோளாக்கப்பட்டு, 2006-இல் குறுங்கோளானது. வகைப்பாடு திருத்தப்படுவது அறிவியலுக்கு இழுக்கன்று. திருத்தாமல் கிடப்பில் போடுவதே இழுக்கு.

இரண்டாவது, தரவின் பொதுவுடைமையைக் காப்பது. ஹௌமியாவை யார் கண்டறிந்தது என்பதில் 2005-இல் எழுந்த பூசல் இங்கே நினைவுகூரத்தக்கது. அமெரிக்கக் குழு ஒன்று அப்பொருளைப் பல மாதங்களாக வெளியிடாமல் ஆய்ந்துவந்த நிலையில், ஸ்பெயின் குழு ஒன்று தன் பழைய படங்களில் அதைக் கண்டதாக முதலில் அறிவித்தது. அறிவிப்புக்கு முன்பு, இணையத்தில் திறந்து கிடந்த அமெரிக்கக் குழுவின் தொலைநோக்கிப் பதிவேடு ஸ்பெயின் குழுவின் நிறுவனக் கணினிகளிலிருந்து பார்க்கப்பட்டது தெரியவந்தது. தங்கள் கண்டுபிடிப்பைச் சரிபார்க்கவே பார்த்ததாக அக்குழு விளக்கியது. ஒன்றியம், கண்டறிந்த இடமாக ஸ்பெயின் வானாய்வகத்தையும், பெயராக அமெரிக்கர்கள் முன்மொழிந்ததையும் ஏற்று, கண்டறிந்தவர் என்ற இடத்தை வெற்றிடமாக விட்டது. உழைத்தவருக்கு உரிய பெருமை கிடைக்க வேண்டும். அதேவேளையில் தரவு நெடுங்காலம் ஒளித்துவைக்கப்படவும் கூடாது. காப்புரிமைச் சட்டங்கள் காண முயலும் சமநிலையும் இதுவே. ரூபின் வானாய்வகம் நகரும் பொருள்களின் விவரங்களை உடனுக்குடன் சிறுகோள் மையத்துக்கு அனுப்பிப் பொதுவில் வைக்கும் என்ற ஏற்பாடு, இச்சமநிலைக்கு நல்ல முன்மாதிரி.

மூன்றாவது பணம். பசித்தோர் இருக்கும் உலகில் பனிப் பாறைகளைத் தேடுவது தேவையா என்ற கேள்வியை ஏளனமாகத் தள்ளிவிடலாகாது. ரூபின் வானாய்வகத்தைக் கட்ட ஏறத்தாழ 80 கோடி டாலர் செலவாயிற்று. ஆனால், கட்டியெழுப்பிய பின் கேட்க வேண்டிய கேள்வி வேறு. செலவழிந்த பணம் திரும்பி வராது. அதைக் காரணம் காட்டித் தொடரவும் கூடாது, அதற்காக வருந்தி நிறுத்தவும் கூடாது. இனி ஆகும் செலவு எவ்வளவு, இனி கிடைக்கும் பயன் எவ்வளவு என்பதே கணக்கு. இக்கணக்கு அடிக்கடி பிழைபடுகிறது. 2025-இல் அமெரிக்க அரசு நாசாவின் அறிவியல் பிரிவுக்கான ஒதுக்கீட்டை ஏறத்தாழ பாதியாகக் குறைக்க முன்மொழிந்தபோது, நிறுத்தப்பட வேண்டியவற்றின் வரிசையில் நியூ ஹொரைசன்ஸும் இடம்பெற்றது. இருபது ஆண்டுகள் பயணித்து 60 அலகுக்கு அப்பால் சென்றுவிட்ட, இன்னும் இயங்குகிற விண்கலம் அது. அதைக் கண்காணிக்க ஆகும் செலவு, அதே இடத்துக்கு மற்றொன்றை அனுப்ப ஆகும் செலவில் மிகச் சிறு பகுதி. அந்த வெட்டினை அமெரிக்க நாடாளுமன்றம் பெருமளவில் ஏற்கவில்லை என்பது ஆறுதல். ஆனால், ஆண்டுதோறும் இப்படி உயிருக்குப் போராடும் திட்டங்களால் நீண்டகால அறிவைத் திரட்ட இயலாது.

இதில் காலத்தின் கணக்கும் உண்டு. செட்னா 2076-ஆம் ஆண்டையொட்டிச் சூரியனுக்கு மிக அருகே, 76 அலகு தொலைவுக்கு வரும். பிறகு அது மீண்டும் அதே இடத்துக்கு வர ஏறத்தாழ 11 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். நியூ ஹொரைசன்ஸ் சென்ற வேகத்தில் ஒரு விண்கலம் அத்தொலைவை எட்டக் கால் நூற்றாண்டு வேண்டும். திட்டமிடவும், ஒப்புதல் பெறவும், கட்டவும் ஆகும் காலத்தைக் கூட்டினால், இப்போது கல்லூரியில் பயிலும் தலைமுறை பணியில் இருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். முதலீட்டுக் கணக்கில் வழக்கமாகச் செய்வதுபோல் ஆண்டுக்கு 8 விழுக்காடு கழிவு விகிதம் வைத்தால், 50 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைக்கும் 100 ரூபாய்ப் பயனின் இன்றைய மதிப்பு 2 ரூபாய் சொச்சம்தான். அந்தக் கணக்கு கடன் பத்திரங்களுக்குப் பொருந்தும். ஒருமுறை தவறவிட்டால் மீண்டும் வாராத வாய்ப்புக்கு அதை அப்படியே பொருத்துவது பொருளியல் ஆகாது. காடுகள், நிலத்தடி நீர் ஆகியவற்றுக்கும் இதே வாதம் செல்லும்.

இதற்கிடையே, வானமே மறைந்துகொண்டிருக்கிறது. இணையச் சேவைக்காகத் தாழ்வான சுற்றுப்பாதைகளில் ஏவப்பட்டுள்ள ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள், தொலைநோக்கிப் படங்களில் ஒளிக்கோடுகளை இழுக்கின்றன. அந்தியிலும் விடியலிலும் இத்தொல்லை மிகுதி. ஆதாயம் சிலருக்கு, இழப்பு எல்லாருக்கும் என்னும் இந்நிலைக்குப் பொருளியலில் தனி அத்தியாயமே உண்டு. ஆற்றில் கழிவைக் கலக்கும் ஆலைக்கு விதிக்கும் பொறுப்பை, வானத்தில் ஒளியைக் கலக்கும் நிறுவனத்துக்கும் விதிப்பது பற்றி நாடுகள் பேசத் தொடங்க வேண்டும்.

குவாவர் என்பது கலிபோர்னியாவின் தொங்குவா பழங்குடியினரின் படைப்புக் கடவுள். செட்னா இன்யூயிட் மக்களின் கடல் தெய்வம். மேக்மேக் ராப்பா நூயி தீவினரின் தெய்வம். கொங்கொங் சீனத் தொன்மத்தின் நீர்த்தெய்வம். பெயர்களிலேனும் மனித இனம் முழுவதற்கும் இடம் தந்துவிட்டோம். அந்த உலகங்களைப் பற்றிய தரவிலும், அவற்றைத் தேடும் செலவிலும், அவை தெரியும் வானத்திலும் அதே பொதுமையைக் கடைப்பிடிப்பதே இனி ஆற்ற வேண்டிய கடமை. பட்டியல் ஐந்தாகவே இருந்தாலும் அந்தப் பனி உலகங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. இழப்பு நம் அறிவுக்குத்தான்.